இரண்டு இருபத்துமூன்று

அந்தக் காப்புக்காட்டுக்கு நடக்க வருகிற யாருக்கும் அவள் பேர் தெரியாது. கேட்டில் உட்கார்ந்திருப்பதால் கேட்டக்கா. அறுபத்தைந்து வயதுக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு ஐம்பத்தொன்று. "எனக்கு மூத்தவங்களுக்கெல்லாம் நான் அக்காவா, நல்லா இருக்கு" என்று முதல் வருஷம் முணுமுணுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவாள்.

காடு என்றால் பெரிய காடெல்லாம் இல்லை. நாலு பக்கமும் வீடும் ரோடும் வந்து நெருக்கியதில் தப்பித்துக் கிடந்த ஒரு துண்டு. நடுவில் சதுப்பு, ஓரமாக ஒரு ஓடை, சுற்றிலும் மூன்று கிலோமீட்டருக்கு ஒற்றையடிப் பாதை. கேட்டில் தொடங்கிக் கேட்டிலேயே வந்து முடியும். கேட்டிலிருந்து ரொம்பத் தள்ளியிருக்கிற வளைவுக்கு 'முதுகு' என்று பேர். அங்கே ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு போகும். பாதை அந்த விளிம்பை ஒட்டிப் போகும். பிடித்துக்கொள்ள ஒரு மரக் கட்டை வைத்திருந்தார்கள். அது உளுத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

சீட்டுக் கிழிப்பது, கழிப்பறை கழுவுவது, பிளாஸ்டிக் பையோடு வருகிறவனை வாசலிலேயே திட்டித் திருப்பி அனுப்புவது, இதெல்லாம் கேட்டக்காவின் வேலை. கடைசி வேலைக்கு அவள் வாய் போதும், தடி தேவையில்லை. பாதையைப் பார்த்துக்கொள்வது அவள் வீட்டுக்காரர். வளர்ந்த கிளையை வெட்டுவார், சதுப்பின்மேல் போட்ட பலகை உடைந்தால் மாற்றுவார். பாதைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கேட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். முன்னறையில் கட்டிலும் டிவியும். பின்னறையில் அடுப்பு, அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. வெளியே துணி துவைக்கிற கல், ஒரு கொடிக்கயிறு. மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும். ஒழுகினாலும் அது கேட் வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் தூக்கத்தில்கூட மறந்ததில்லை. ஒரே மகளை அந்த இரண்டறையில் வைத்துத்தான் நர்ஸுக்குப் படிக்கவைத்து வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினாள்.

இனி டோக்கன் கதைக்கு வருவோம். வாசலில் அறுபது ஆணி அடித்த பலகை ஒன்று உண்டு. ஆணிக்கு ஒரு தகர டோக்கன், அதில் ஒரு எண். உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும், திரும்பும்போது அதே ஆணியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பலகை நிறைந்திருந்தால் உள்ளே யாரும் இல்லை, கேட்டைப் பூட்டலாம். ஒரு ஆணி காலியாக நின்றால் பாதைக்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு முழுச் சுற்றும் நடந்து தேட வேண்டும். ஆபீஸ் போட்ட சட்டம் இது. நல்ல சட்டம்தான், மனுஷர்கள் ஒழுங்காக இருந்தால்.

மனுஷர்கள் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, துவைக்கும்போது கிடைச்சதுக்கா என்று பல்லிளிப்பார்கள். அதற்குள் பாதைக்காரர் மூன்று கிலோமீட்டரும் நடந்து, யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா என்று தொண்டை வறளக் கத்தியிருப்பார். ஒரு வருஷத்தில் பதினாலு தடவை இப்படிப் போனார். பதினாலில் ஒரே ஒரு தடவைதான் ஆள் கிடைத்தது. அதுவும் புதருக்குப் பின்னால் ஒரு காதல் ஜோடி. எங்களை ஏன் கண்டுபிடித்தாய் என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தார்களாம்.

நடுவில் அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. வீங்கி, இளநீர்க்காய் மாதிரி ஆகிவிடும். டாக்டர் ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுப்பார். இரண்டு மாதத்தில் மறுபடி வீங்கும். ஆபீஸுக்குச் சொன்னால் வீட்டுக்குப் போ என்பார்கள். அதனால் சொல்லவில்லை. பகலில் பலகை மாற்றுகிற சாக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒப்பேற்றிவிடுவார். சாயங்காலச் சுற்றுதான் ஆளைக் கொன்றது. திரும்பி வந்து வாசற்படி ஏற முடியாமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்து வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை.

கேட்டக்கா யோசித்தாள். யோசித்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி போடுகிறவனிடம் போய் ஒன்றிலிருந்து அறுபது வரை இன்னொரு வரிசை டோக்கன் வெட்டித் தரச் சொன்னாள். ஒரே தகரம், ஒரே எழுத்து, ஒரே ஓட்டை. சாவிக்காரன் எண்ணைக் குத்திக்கொண்டே, "இத்தனை நாள் சாவிக்கு நகல் போட்டேன்க்கா, இப்ப ஆளுக்கே போடுறேன்" என்றான். வேலையைப் பாரு என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவளாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு ஆணி காலியாக இருந்தால் வெளியே எட்டிப் பார்ப்பாள். வண்டி ஏதாவது நின்றால் ஆள் உள்ளே இருக்கிறார், தேட வேண்டும். வண்டி இல்லை என்றால் டோக்கன் பஸ் ஏறிப் போய்விட்டது. நகலை எடுத்து மாட்டிப் பூட்டிவிடலாம். அசல் திரும்பி வரும்போது நகல் மறுபடி பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். வீட்டுக்காரருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார். ஒன்றே முக்கால் வருஷம் இப்படி ஓடியது. பஸ்ஸில் வந்து நடக்கிறவர்களும் உண்டே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அவர்கள் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுகிறவர்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் வருகிறவர்களில் ஒருவர் செக்கர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் என்று வாரம் இரண்டு நாள் மூன்று மணிக்குக் கைத்தடியோடு வருவார். வருஷச் சீட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்து நீட்டுவார். தெரியும் சார், காட்ட வேண்டாம் என்றால், "உங்களுக்குத் தெரியும்ங்கிறது வேற, நான் காட்டுறது வேற" என்பார். சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் அவருடைய டோக்கன் ஒரு நாளும் ஆணிக்குத் திரும்பாமல் இருந்ததில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்து இறங்கின. வாசல் சந்தை மாதிரி ஆகிவிட்டது. ஒன்று டோக்கனை நாக்கில் வைத்துப் பார்க்கிறது, ஒன்று அதால் சுவரில் கோடு கிழிக்கிறது. வாத்தியார் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டக்கா கத்திக் கத்தி உள்ளே விட்டாள். நடுவில் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு கை வருஷச் சீட்டை உயர்த்திக் காட்டின மாதிரி இருந்தது. சரி சரி என்று தலையை ஆட்டியிருப்பாள்.

ஆறு மணிக்கு மூன்று ஆணி காலி. ஒன்பது, இருபத்துமூன்று, முப்பத்தொன்று. வெளியே வண்டி எதுவும் இல்லை. நாற்பது குரங்குக்கு மூன்று டோக்கன்தான் போயிற்றா, பரவாயில்லை என்று நினைத்தாள். சனிக்கிழமைதான் வீட்டுக்காரருக்கு நீர் எடுத்திருந்தது, முழங்காலில் கட்டு. பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள், மூன்றையும் மாட்டினாள், கேட்டைப் பூட்டினாள், போய் உலை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. அவள் தண்ணீர் மோட்டாரைப் போட்டு, அழுக்குத் துணியையெல்லாம் கல்லில் குவித்து அடித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணி இருக்கும். கேட்டை யாரோ தட்டினார்கள். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, கையில் குடை, கழுத்தில் தையல்காரியின் அளவு நாடா. கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கிறாள். செக்கரின் தங்கை. கல்யாணம் ஆகாதவள், அண்ணனோடு இருக்கிறவள். அண்ணன் முந்தின நாள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்பினாராம், வீடு திரும்பவில்லையாம். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் திங்கட்கிழமை என்றால் இங்கேதான் வருவார்.

கேட்டக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"வந்தா மாதிரிதான் இருந்துச்சும்மா. ஆனா வந்திருந்தாலும் போயிருப்பாரு. அந்தப் பலகையப் பாருங்க. ஒருத்தர் உள்ள இருந்தாலும் ஒரு ஆணி காலியா இருக்கும்."

தங்கை கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துப் பலகையைப் பார்த்தாள். விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணினாள். அறுபதும் இருந்தது.

"ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா? எனக்காக."

அந்த நேரத்தில்தான் ஒன்பதும் இருபத்துமூன்றும் முப்பத்தொன்றும் கேட்டக்காவின் தொண்டைக்கு வந்தன. வந்தது வாஸ்தவம். பிற்பாடு எந்தச் சாமர்த்தியத்தாலும் அவளால் அதை இல்லை என்று ஆக்க முடியவில்லை. பிள்ளைகள்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கும் என்று ஒரு பக்கம். நகல் வைத்திருக்கிறேன் என்று ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது என்று இன்னொரு பக்கம். முன்னறையில் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார்.

"இன்னிக்கு லீவும்மா, யாரையும் விடக் கூடாது. பலகை நிறைஞ்சிருக்கு. வீணா இங்க நிக்காதீங்க, ஆஸ்பத்திரியில போய்க் கேளுங்க."

தங்கை போய்விட்டாள். கேட்டக்கா துணியை அலசிக் கொடியில் போட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலைச் சுற்றுக்குப் பாதைக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் வரவேண்டியவர் முக்கால் மணியில் வந்தார். அந்தக் காலோடு எப்படி வந்தார் என்று தெரியாது. அடுப்பங்கரைக்குள் வந்து மேடைமேல் ஒரு டோக்கனை வைத்தார். இருபத்துமூன்று.

முதுகு வளைவில் கைப்பிடிக் கட்டை முறிந்திருந்தது. பன்னிரண்டடி கீழே, ஓடைக்குள் செக்கர். அவருடைய கைத்தடியை மணலில் நட்டு, நுனியில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். பாதையில் போகிறவர் கண்ணில் படும்படி. இடுப்பு எலும்பு முறிந்த மனுஷன் அதைச் செய்திருக்கிறார்.

"அவரு பையில இருந்துச்சு. சறுக்கி இறங்கி எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்கு எடுத்தீங்க?"

"பின்ன? பலகையில ஒரு இருபத்துமூணு தொங்குது. அவர் பையில ஒரு இருபத்துமூணு. யாரு மாட்டுனதுன்னு கேக்க மாட்டானா? உன்னைத்தான்டி முதல்ல பிடிப்பான்."

அவள் டோக்கனைக் கையில் எடுத்தாள். அது ஈரமாக இருந்தது.

ஆபீஸிலிருந்து சூப்பர்வைசர் வந்தார், போலீஸ் வந்தது, ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதினார். சூப்பர்வைசருக்குப் பலகைதான் பெரிய ஆறுதல். திங்கட்கிழமை சாயங்காலம் பலகை நிறைந்திருந்தது, ஆள் பையில் டோக்கன் இல்லை. அப்படியானால் கேட் வழியாக வரவில்லை; வருஷச் சீட்டு பையில் இருந்தாலும் அது எந்த வழியாக வந்தார் என்று சொல்லாது. பின்பக்க வேலி கிழிந்த இடத்தில் புகுந்து வந்திருக்கிறார். கேட் வழியாக வந்தவர் கட்டை முறிந்து விழுந்தால் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டும். வேலி தாண்டி வந்தவர் விழுந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். கட்டையை மாற்றச் சொல்லிப் பாதைக்காரர் மூன்று தடவை எழுதிக் கொடுத்த காகிதம் சூப்பர்வைசர் மேஜையிலேயே கிடந்தது. பதினைந்து நிமிஷத்தில் முடிவெடுத்தார். மறுநாள் காலை கேட்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: வேலி தாண்டி அத்துமீறி நுழைந்த முதியவர் பலி, பொதுமக்களுக்கு எச்சரிக்கை. பசை போட்டுக் கொடுத்தது கேட்டக்கா.

எதிர்ப்பக்க டீக்கடையில் அன்று முழுக்க அதுதான் பேச்சு. காலமெல்லாம் டிக்கெட் கேட்டுக் கேட்டு மனுஷன் மானத்தை வாங்கினாரே, கடைசியில் அவரே டிக்கெட் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒரு டிரைவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டக்கா பால் வாங்கப் போனவள், வாங்காமலே திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள்.

"முப்பத்தோரு வருஷம் டிக்கெட் இல்லாதவனப் பிடிச்சவரு. பக்கத்து வீட்டுக்காரனையே பிடிச்சு, அவன் எங்ககூட ஆறு வருஷம் பேசல. அவரா வேலி தாண்டுவாரு? நீங்க அவரைப் பாத்திருக்கீங்களே, சொல்லுங்க."

கேட்டக்கா கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கென்னம்மா தெரியும், ஆபீஸ் ஒட்டினது என்றாள். தங்கை போன பிறகு மகளுக்குப் போன் போட்டாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செத்தவர் திரும்பி வரப்போவதில்லை, வீடு போனால் அப்பாவை எங்கே வைத்துப் பார்ப்பாய், வாயை மூடிக்கொண்டு இரு என்றாள். பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளை விடவில்லை. இடுப்பு உடைந்தவர் சும்மா படுத்தா இருந்திருப்பார், கத்தியிருப்பாரே. சனிக்கிழமை காலை, கேட் திறக்கிறதற்கு முன்னால், வீட்டுக்காரரை முதுகுக்குப் போய் நின்று தன்னைக் கூப்பிடச் சொன்னாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. தடியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுப்பங்கரையில் நின்று கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. முன்னறையில் நின்றாள், கேட்கவில்லை. கேட்டில் நின்றாள், ரோட்டுச் சத்தம்தான். கடைசியாகத் துணிக்கல்லுக்கு வந்தாள். மோட்டாரைப் போடவில்லை. கொஞ்ச நேரம் காற்று. பிறகு மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிசாக, ஏதோ பறவை என்று தள்ளிவிடுகிற மாதிரி, ஒரு மனுஷக் குரல். நிற்கும், மறுபடி வரும். கேட்டது. நன்றாகவே கேட்டது.

அவள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் திரும்பி வந்து, கேட்டுச்சா என்றார். இல்லை என்றாள். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை கேட்டை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். செக்கரின் வீடு ஒரு தையல்கடைக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இரண்டு மெஷின், தைத்து முடித்த பள்ளிக்கூடச் சட்டைகள் அடுக்கி வைத்திருந்தன. உள்ளே நாற்காலியில் அண்ணனுடைய கண்ணாடி மடித்தபடி. தங்கை அவளை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். கேட்டக்கா தண்ணீரைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு டோக்கனையும் மெஷின் பலகைமேல் வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சாவிக்காரனிலிருந்து துணிக்கல் வரை. நடுவில் எங்கேயும் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் பதிலுக்கு ஏதோ கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

தங்கை இரண்டு டோக்கனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது அண்ணனுடையது என்று கேட்டாள். கேட்டக்கா தேய்ந்து மங்கியதைக் காட்டினாள். அதை மட்டும் தனியாகத் தள்ளி வைத்தாள்.

"நான் உங்க கேட்டுல நின்னப்ப, அவரு உசிரோட இருந்தாரா?"

"இருந்தாரு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சந்தேகம் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

தங்கை மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். ஊசி மேலே போய்க் கீழே வந்தது, துணியில்லாமல். இதை ஆபீஸில் சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றாள் இவள். எழுதியும் தர வேண்டும் என்றாள் தங்கை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, நீங்கள் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் கேட்டக்கா.

"முடியாது. உங்க கையாலதான் எழுதணும். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல."

திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனார்கள். சூப்பர்வைசர் முதலில் தங்கையை வெளியே உட்காரச் சொன்னார், அவள் நகரவில்லை. அவர் கேட்டக்காவின் காகிதத்தைப் படித்தார். எழுத்துப் பிழையைப் பார்த்து முதல் பத்தியில் லேசாகச் சிரித்தார், இரண்டாவது பத்தியில் சிரிப்பு போய்விட்டது. விசாரணை முடிந்து கோப்பு மூடியாயிற்றே, இப்போது எதற்கு இது என்றார். உன் பிழைப்பு போகும் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். தங்கை இரண்டு இருபத்துமூன்றையும் அவர் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பையிலிருந்து இத எடுத்தது யாரு?" என்றார் சூப்பர்வைசர்.

இந்தக் கேள்வி வரும் என்று கேட்டக்காவுக்கு முந்தின நாளே தெரியும். அவள் காகிதத்தின் கடைசியில் அதை எழுதி வைத்திருந்தாள், அவர் அதுவரை படிக்கவில்லை. வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போன் செய்யப் போயிருந்தபோது தானே முதுகுக்குப் போய் எடுத்ததாக. பொய்தான். செக்கரின் தங்கை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும், முந்தின நாள்தான் கேட்டிருந்தாள். வாயைத் திறந்தால் பாதைக்காரரும் போய்விடுவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறிவிப்பைக் கிழித்துவிட்டார்கள். வேறு அறிவிப்பு ஒட்டவில்லை. செக்கர் முறைப்படி சீட்டோடு கேட் வழியாக வந்தவர்தான் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். தங்கை அதைப் பத்துப் பிரதி எடுத்து, ஒன்றை டீக்கடைச் சுவரில் ஒட்டினாள், ஒன்றை அவர் வேலை பார்த்த பஸ் டிப்போவில் ஒட்டினாள். டிரைவர்கள் படித்தார்கள். அவர்கள் பேச வேறு விஷயம் வந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வெளியே வந்து இரண்டு பேரும் ஒரே பஸ் நிறுத்தத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் நின்றார்கள்.  பஸ் வந்தது, தங்கை ஏறினாள், ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாக இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதே பஸ்தான் கேட்டக்காவுக்கும். அவள் ஏறவில்லை. நாலு கிலோமீட்டரும் நடந்தே வந்தாள்.

வேலை அன்றைக்கே போயிற்று. வீட்டைக் காலி செய்யப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். மகள் போனில் ஒரு பாட்டம் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் பழைய கட்டிலை விற்றுவிடாதே என்றாள். ஊருக்குள்ளே மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை கிடைத்தது. கேட்டக்கா ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். அங்கே அவளை யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. ஏம்மா என்கிறார்கள்.

பாதைக்காரரின் வேலை போகவில்லை. அவர்மேல் தப்பு எதுவும் எழுதப்படவில்லையே. ஆனால் இனிப் பலகையை நம்புவதில்லை என்று ஆபீஸில் முடிவெடுத்தார்கள். ஆணிகளைப் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாதைக்காரர் மூன்று கிலோமீட்டரும் நடந்து பார்த்து, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். வாரத்தில் ஆறு நாள். இது தெரிந்த அன்று அவள் அவர் காலுக்கு ஒத்தடம் கொடுக்கத் தண்ணீரைச் சுட வைத்தாள்.

விடுதி வேலை ஐந்தரைக்கு முடிகிறது. அங்கிருந்து நேராகக் காப்புக்காட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கிடக்கிற சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். கேட்டில் இப்போது வேறொருத்தி. உள்ளே வந்து உட்காருங்களேன் என்று ஒரு நாள் கூப்பிட்டாள், வேண்டாம் என்றுவிட்டாள். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போகும். யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா. முதுகை நெருங்கும்போது ரோட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதற்குப் பிறகு அவர் திரும்பி வரும் வரை ஒன்றும் கேட்காது. ஏழு மணிக்கு வருவார். கால் மோசமாக இருக்கிற நாளில் ஏழரை ஆகும்.